கூட்டமில்லாத நெரிசல்

மீட்டருக்கு ஃபெல்லோஷிப் கிடைத்த செய்தி அக்காவின் காதில் விழுந்த அன்றே துறைமுகக் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. பரவிய விதம்தான் கொஞ்சம் கோணல். “என் தங்கச்சிக்கு ஏதோ ஷிப்புல வேலையாம்” என்று அக்கா மாடிப்படியில் நின்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அண்டை வீட்டுக்காரர்கள் வந்து, தங்கள் மகனுக்கும் மருமகனுக்கும் அதே கப்பலில் ஓர் இடம் பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“கப்பலும் இல்ல, கடலும் இல்லக்கா” என்று மீட்டர் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு அறக்கட்டளை நடத்துற திட்டம். இன்டர்நெட் எல்லாருக்கும் தடையில்லாம கிடைக்கணும், யாரும் ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு வாதாடுற சின்னச் சின்ன அமைப்பெல்லாம் இருக்கில்ல? அவங்களுக்குச் சட்டம் தெரியும், கம்பி தெரியாது. எனக்குக் கம்பி தெரியும், சட்டம் தெரியாது. என்னை ஒரு வருஷம் அவங்ககூட உக்கார வைப்பாங்க.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு முழு ஆளுன்னு சொல்லு.”

“அப்படியே வச்சுக்கோ.”

மீட்டர் என்பது அவளுடைய பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஊரிலேயே பெரிய தொலைபேசி நிறுவனத்தில், தெருத் தெருவாக இணைய வேகத்தை அளந்து வரைபடம் போடுவது அவள் வேலை. அளந்து அளந்து கை பழகிப்போய், லிஃப்ட் மேலே வருவதற்கு எவ்வளவு நேரம், மேலதிகாரி “சுருக்கமாச் சொல்றேன்” என்று ஆரம்பித்து முடிப்பதற்கு எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தாள். உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. இப்போது கட்டிய கணவரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் போட்ட வரைபடங்கள் எல்லாம் மேல்மாடிக்குப் போகும். எந்தத் தெருவில் அளந்தாளோ அந்தத் தெருக்காரர்களுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. அந்த விஷயம் அவளை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்ததும் விண்ணப்பித்தாள். இடம் கிடைத்ததும் ஒரு வருட விடுப்பு கேட்டாள். தலைமைப் பொறியாளர், எல்லாரும் சீஃப் என்று கூப்பிடும் மனிதர், விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“போய்ட்டு வா. ஆனா இங்க பார்த்தது எதையும் வெளிய பேசுறதில்லன்னு வேலைல சேரும்போது எழுதிக் கொடுத்திருக்க. அது நினைப்புல இருக்கட்டும்.”

“இருக்கும் சார்.”

அறக்கட்டளை அவளை அனுப்பிவைத்த அமைப்பின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். கீழே காற்று அடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே மேஜையில் இருக்கும் பேனாக்கள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிணுகிணுக்கும். அமைப்பை நடத்துபவர் ஒரு பெண் வக்கீல், ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாமலே எதிராளியை வியர்க்க வைப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவருக்கு வலது கையாக இருந்தவர் முன்பு பத்திரிகையில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் எல்லாரும் அவரை நிருபர் என்றே அழைத்தார்கள்.

முதல் நாள் மீட்டர் போய் உட்கார்ந்ததுமே நிருபர் ஆவலோடு வந்தார். “நீங்கதானே டெக்னாலஜி? இந்தப் பிரின்டர் ரொம்ப நாளா படுத்துது. கொஞ்சம் பாக்குறீங்களா?”

மீட்டர் எழுந்து போய், மூடியைத் திறந்து, சிக்கியிருந்த தாளை உருவிப் போட்டாள். இயந்திரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

“ஆச்சு” என்றாள். “உங்ககூட ஒரு வருஷம் இருக்கப்போறேன். என்னை இதுக்கு மட்டும் பயன்படுத்தினீங்கன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்.”

உள்ளறையிலிருந்து வக்கீலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. “சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்காங்க” என்றார்.

மீட்டர் அங்கே வந்த சில வாரங்களில், துறைமுகத்தில் ஒரு கிரேனின் இரும்புக் கயிறு அறுந்தது. தொங்கிக்கொண்டிருந்த பெட்டி கீழே விழுந்து, இரண்டு தொழிலாளர்களின் கால்கள் நசுங்கின. கயிறு தேய்ந்துபோயிருக்கிறது, மாற்றுங்கள் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம்தான். அந்தக் கிரேன்களில் ஒன்றை இயக்குபவர் அக்காவின் கணவர், மீட்டருக்கு அத்தான். அவரும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வாசல் கேட்டின் முன்னால் கூடினார்கள். கயிறு அறுந்ததை ஒருவர் போனில் படம் பிடித்திருந்தார். அது வெளியே போய்விட்டால் நிர்வாகத்தால் கதை கட்ட முடியாது.

ஆனால் கேட்டிலிருந்து அது போகவில்லை. கூட்டம் கூடும்போதெல்லாம் துறைமுகப் பகுதியில் இணையம் நத்தையானது. பேச்சு போகும், எழுத்து போகும். படமும் வீடியோவும் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். தொலைபேசி நிறுவனம், அதாவது மீட்டர் விடுப்பு எடுத்து வந்த நிறுவனம், ஓர் அறிக்கை விட்டது: ஒரே இடத்தில் ஏராளமானோர் கூடுவதால் ஏற்படும் நெரிசல், யாரும் எதையும் தடுக்கவில்லை.

“காதுல பூ சுத்துறாங்க” என்றாள் அக்கா போனில். “நான் கூட்டத்துலயா நிக்கிறேன்? எங்க வீட்டு அடுப்படில நிக்கிறேன். இங்கயும் சுத்திக்கிட்டேதாண்டி இருக்கு.”

மீட்டர் மறுநாள் மதியமே கிளம்பிப் போனாள். அக்காவின் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் கேட்டும், அதற்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களும், அவர்களுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் கிரேன்களும் தெரிந்தன. அவள் தன் போனை எடுத்து ஒரு வீடியோவை அனுப்பிப் பார்த்தாள். சுற்றியது. செய்தி இணையதளம் ஒன்றைத் திறந்தாள். சட்டென்று வந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சொல்லப்போனால், விளங்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், எந்த வகை இணையப் போக்குவரத்தை எந்த செல்போன் கோபுரத்தில் மெதுவாக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று இருப்பதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

அன்று மாலையே வக்கீலின் அறைக்குள் போய் நின்றாள். “மேடம், எனக்கு இது எப்படி நடக்குதுன்னு தெரியும். அங்க ஒரு—”

“நிறுத்து.” வக்கீல் கையை உயர்த்தினார். “அந்த நிறுவனத்துல வேலை பார்த்ததால உனக்குத் தெரிஞ்ச விஷயமா?”

“ஆமா.”

“அப்ப அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத. நாளைக்கு நான் அதை வச்சு வாதாடினா, வழக்கு நெட்டைப் பத்தி இருக்காது, உன்னைப் பத்தித்தான் இருக்கும். வாக்குக் குடுத்துட்டு மீறினவன்னு உன்னைக் கூண்டுல ஏத்திட்டு அவங்க ஜாலியா வீட்டுக்குப் போயிடுவாங்க.” அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். “உனக்குத் தெரிஞ்சது வேற, நாம காட்ட முடிஞ்சது வேற. வெளிய நின்னுக்கிட்டு, சாதாரண போனை வச்சுக்கிட்டு, உன்னால காட்ட முடியுமா?”

மீட்டர் யோசித்தாள். கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தும், வெளியில் நின்று சுவரைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். கோபம் வரவில்லை அவளுக்கு. கை பரபரத்தது.

“முடியும்” என்றாள்.

வேலையை அன்றைக்கே தொடங்கினாள். போனில் போடும் ஒரு சின்னச் செயலி. அது ஒரே வீடியோவை இரண்டு முறை அனுப்பும். முதல் முறை, எல்லாரும் அனுப்புவது போல. வழியில் நிற்கும் எந்தக் கருவியும் இது வீடியோ என்று அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டாம் முறை, அதே வீடியோவை உருத் தெரியாமல் கலைத்து. அளவு அதேதான், ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று எந்தக் கருவிக்கும் பிடிபடாது. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் பிரச்சினை இல்லை. அடையாளம் தெரிந்தது மட்டும் மாட்டிக்கொண்டால், வழியில் யாரோ நின்று பார்த்து நிறுத்துகிறார்கள் என்று பொருள்.

செயலி தயாரானதும் நிருபரிடம் காட்டினாள். அவர் ஆர்வமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன் நம்பர் கேட்கும் இடம் வந்ததும் அவர் முகம் மாறியது.

“இது எதுக்கு?”

“யாரோட போன்ல அளந்ததுன்னு தெரியணுமில்ல? ஏதாவது தப்பா வந்தா கூப்பிட்டுக் கேக்கலாம்.”

“எடுத்துடுங்க.”

“அளவீடுன்னா எங்க இருந்து வந்ததுன்னு—”

“என் போனை ஒரு தடவை பிடுங்கிட்டுப் போனாங்க” என்றார் நிருபர். “நான் எதுவும் சொல்லல. ஆனா போன் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அதுல இருந்த ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டினாங்க. என்கிட்ட நம்பிப் பேசினவங்க அவங்க.” அவர் திரையில் நம்பர் கேட்கும் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “உங்க அக்கா நம்பரும் இதுலதானே இருக்கும்?”

மீட்டர் செயலியை மூடினாள். இத்தனை நாள் அவள் வேலை பார்த்த இடத்தில், கிடைக்கும் விவரத்தையெல்லாம் வாரி வைத்துக்கொள்வதுதான் பழக்கம். எடுக்காமல் விடுவது என்பதை அவள் யோசித்ததே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து செயலியைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினாள். இப்போது அதில் எந்தக் கோபுரம், எந்த நேரம், எவ்வளவு வேகம் என்பது மட்டுமே பதிவாகும். ஆள் யார் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது. கூடவே, செயலி எப்படி வேலை செய்கிறது என்பதை முழுக்கப் பொதுவில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். தங்கள் போனிலேயே போட்டு அளந்தும் பார்க்கலாம்.

“இப்பச் சரியா?” என்று நிருபரிடம் கேட்டாள்.

“என் போன்லயே போடுங்க” என்றார் அவர்.

ஆள் சேர்க்கும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாள் என்பதைவிட, பிடுங்கிக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி. குடியிருப்பின் பெண்கள் துணி காயப்போடும் மொட்டை மாடியிலிருந்து அளந்தார்கள். மருந்துக் கடை வரிசையில் நின்றபடி அளந்தார்கள். மாடிப்படியில், மீன் சந்தையில், பள்ளிக்கூட வாசலில் அளந்தார்கள். “இன்னைக்கு உனக்கு எவ்வளவு?” என்று காலையில் ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொள்வது, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போல ஆகிவிட்டது. எண்கள் மீட்டரின் திரையில் வந்து விழுந்தன. கூட்டம் கூடிய நாட்களில் அடையாளம் தெரிந்த வீடியோ தவழ்ந்தது. கலைத்துப் போட்டது துள்ளி ஓடியது. மற்ற நாட்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டு போயின.

ஆனாலும் வக்கீலுக்குத் திருப்தி வரவில்லை. “கூட்டம் இருந்த நாள்லதானே வருது? நெரிசல்னு சொல்லித் தப்பிக்க அவங்களுக்கு இன்னும் ஒரு சந்து இருக்கு” என்றார்.

அந்தச் சந்தை அடைத்தது மழை.

தொழிலாளர்கள் வியாழக்கிழமை காலை பெரிய கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். வியாழன் விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். இன்று வேண்டாம், எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று தொழிற்சங்கத்தார் வீடு வீடாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீட்டர் நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது.

“ரோட்டுல ஈ காக்கா இல்லடி. நாய்கூடப் படிக்கட்டுல ஒதுங்கி நிக்குது. ஆனா போன் சுத்துது!”

“என்னது?”

“சுத்துதுங்கிறேன்! மாடில எல்லாருக்கும் அப்படித்தான். நான் அஞ்சாறு பேரை அளக்கச் சொல்லிட்டேன்.”

மீட்டர் திரையைப் பார்த்தாள். எண்கள் வந்துகொண்டிருந்தன. சுவரொட்டியில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக, துறைமுகத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கோபுரங்களிலும் ஒரே மூச்சில் வேகம் விழுந்திருந்தது. கூட்டம் ரத்தான செய்தி, சுவரொட்டியைப் பார்த்து வேலை செய்த யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை. அவள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து, நகராட்சி பொதுமக்களுக்காக வைத்திருக்கும் போக்குவரத்துக் கேமராப் பக்கத்தைத் திறந்தாள். துறைமுக கேட். மழை. தண்ணீர். ஒரு ஜீவன் இல்லை. அந்தக் காட்சியை அப்படியே சேமித்தாள்.

“மேடம்!” என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே டயர் கடையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். “கூட்டமே இல்லாம நெரிசல் வந்திருக்கு மேடம்!”

வக்கீல் வந்து திரையை ஒருமுறை பார்த்தார். காலித் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “மனு தயார் பண்ணுங்க” என்றார் நிருபரிடம்.

தொலைத்தொடர்பு ஆணையம் விசாரணைக்கு நாள் குறித்தது. மீட்டர்தான் விளக்க வேண்டும். அவள் தன் கணவரின் கடையில் ஒத்திகை பார்த்தாள். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, கண்ணாடி வெட்டி, சட்டத்தில் பொருத்தித் தருவார். வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவள் நெறிமுறை, பொட்டலம், அலைவரிசை என்று விளக்கினாள்.

“புரியல” என்றார் கணவர்.

இன்னொரு விதமாகச் சொன்னாள்.

“இப்ப சுத்தமாப் புரியல.”

அவள் பல்லைக் கடித்தாள். அதற்குள் ஒரு பெரியவர் சோதனைக்கு வந்து உட்கார்ந்தார். கணவர் அவர் கண்ணுக்கு முன் ஒரு வில்லையைப் போட்டு, “இது தெளிவா இருக்கா?” என்றார். வில்லையை மாற்றி, “இல்ல, இது தெளிவா?” என்றார். அதே பெரியவர், அதே கண், அதே எழுத்துப் பலகை, அதே விளக்கு. வில்லை மட்டும்தான் மாறியது.

மீட்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர் போனதும், “நீங்க ஏன் பலகையையும் சேர்த்து மாத்துறதில்ல?” என்று கேட்டாள்.

“ரெண்டையும் மாத்தினா எதனால தெளிவாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்.”

“நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன்” என்றாள் மீட்டர். “அதே போன், அதே கோபுரம், அதே வீடியோ. மூஞ்சி தெரியுதா, தெரியலையாங்கிறது மட்டும்தான் மாறுது.”

“அட, இவ்வளவுதானா?” என்றார் கணவர். “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?”

ஆணையத்தின் கூடத்தில் குளிர் அநியாயத்துக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். பேசும்போது சிவப்பு விளக்கு எரியும். ஆணையத் தலைவர் மேடையில், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வையோடு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் நிறுவனத்தின் வக்கீல். அவருக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சீஃப். மீட்டர் அவரைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். அவளும் அசைத்தாள்.

அவள் விளக்கினாள். வில்லைக் கதையில் தொடங்கி, மழை நாளில் முடித்தாள். காலித் தெருவின் படம் பெரிய திரையில் விழுந்தபோது பார்வையாளர் வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அது அக்கா என்று அவளுக்குத் தெரிந்தது.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். “அளந்தவங்க யாரு? எத்தனை பேரு? அவங்க பேர், போன் நம்பர் எல்லாத்தையும் ஒப்படைக்கச் சொல்லணும். ஆள் யாருன்னே தெரியாத அளவீட்டை எப்படி நம்புறது?”

“எங்ககிட்ட அந்த விவரம் இல்ல சார்” என்றாள் மீட்டர்.

“இல்லையா, தர மாட்டீங்களா?”

“இல்ல. மறைக்கல, அழிக்கவும் இல்ல. எடுக்கவே இல்ல. செயலியைப் பிரிச்சுப் பாருங்க, ஆள் யாருன்னு பதிவு பண்ற இடமே அதுல கிடையாது.” அவள் குரல் தடுமாறவில்லை. “எங்க ஆளை நம்ப வேண்டாம். உங்க ஆளை அனுப்புங்க. ஆணையமே ஒருத்தரை அனுப்பட்டும். அதே செயலியைப் போட்டு அளந்து பார்க்கட்டும்.”

தலைவர் மைக்கை அழுத்தினார். “அனுப்பியாச்சு” என்றார். “எங்க அலுவலகத்துல ரெண்டு பேரைப் போன வாரமே யார்கிட்டயும் சொல்லாம அனுப்பி வச்சேன். ரெண்டு பேர் போன்லயும் இதே கதைதான். மேல பேசுங்க.”

நிறுவனத்தின் வக்கீல் தாளைப் புரட்டினார். பிறகு சமாளித்துக்கொண்டு, தங்கள் தலைமைப் பொறியாளரே வந்திருக்கிறார், நெரிசல் எப்படி வேலை செய்யும் என்பதை அவர் விளக்குவார் என்றார். சீஃப் எழுந்து உறுதிமொழி எடுத்தார். நெரிசல் என்றால் என்ன, கோபுரம் எப்படித் திணறும் என்று நிதானமாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. பக்கத்துப் பகுதிகளின் சுமைகூட ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அதுவும் பொய்யில்லை.

இப்போது மீட்டரின் தரப்பு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. “ஒரே ஒரு கேள்வி சார். அதே போன், அதே கோபுரம், அதே வீடியோ, அடுத்தடுத்து. அடையாளம் தெரியற மாதிரி அனுப்பினா நிக்குது. அடையாளம் தெரியாம அனுப்பினா போகுது. நெரிசலால இப்படி வருமா?”

சீஃப் மைக்கை அருகே இழுத்தார். அவர் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய வக்கீல் தொண்டையைச் செருமினார். மீட்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவரை அந்த இடத்தில் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

“வராது” என்றார் சீஃப்.

“ஐயா, சாட்சிக்குக் கேள்வி சரியா—” என்று அவருடைய வக்கீல் துள்ளி எழுந்தார்.

“கேள்வி எனக்கு நல்லாவே புரிஞ்சுது” என்றார் சீஃப். “நெரிசல்னா எல்லாத்தையும் ஒண்ணாத்தான் இழுத்தடிக்கும். அதுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. இது ஆள் பார்த்து நிறுத்தியிருக்கு. யார் சொல்லி, எதுக்காகன்னு எனக்குச் சொல்ல அதிகாரம் இல்ல. ஆனா நெரிசலான்னு கேட்டா, இல்ல.”

மதிய இடைவேளையில் தாழ்வாரத்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவரும் மீட்டரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அவள் வழிவிட்டு நின்றாள். அவர் கோப்பையை நிரப்பிக்கொண்டு, “உனக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காத” என்றார்.

“நினைக்கல சார். எனக்காகச் சொல்லியிருந்தா அதுக்கு மதிப்பு இருக்காது.”

அவர் மெல்லச் சிரித்தார். “ஒரு வருஷம் முடிஞ்சு திரும்பி வருவியா?”

“அதுவரைக்கும் உங்களை அங்க வச்சிருப்பாங்களா சார்?”

“அதுவும் நல்ல கேள்விதான்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

ஆணையத்தின் உத்தரவு அந்த மாதக் கடைசியில் வந்தது. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. யார் சொல்லி இதைச் செய்தார்கள் என்ற கேள்வியை ஆணையம் தனி விசாரணைக்குத் தள்ளிவிட்டது. அது இழுக்கும் என்று வக்கீல் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் துறைமுகப் பகுதியில் தடை உடனே நீங்க வேண்டும், இனி எந்தப் பகுதியிலாவது இணையத்தை மெதுவாக்கினால் எழுத்து மூலமான ஆணை வேண்டும், அந்த ஆணையை அன்றைக்கே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. கயிறு அறுந்த வீடியோ, அதுவரை வெளியே எடுத்துப்போய் அனுப்பியும் யாரும் கண்டுகொள்ளாதது, உத்தரவோடு சேர்ந்து அன்று மதியமே ஊரெல்லாம் போனது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் வந்து கிரேன்களின் கயிறுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். கயிறுகள் மாற்றப்பட்ட பிறகுதான் அத்தான் மேலே ஏறினார். காலில் அடிபட்ட இரண்டு பேரில் ஒருவர் ஊன்றுகோலோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். மற்றவர் இன்னும் மருத்துவமனையில்தான் இருந்தார்.

சீஃபை அந்த நிறுவனம் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றியது. போன் செய்த மீட்டரிடம், “பசங்களுக்கு நெரிசல்னா என்னன்னு பாடம் நடத்துறேன். நல்லாத்தான் இருக்கு” என்றார்.

டயர் கடை மாடிக்கு வெளியூர்களிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரிலும் தேர்தல் நேரத்தில் இப்படித்தான், எங்கள் கல்லூரிப் பக்கம் எப்போதும் இப்படித்தான் என்று. ஒரு சனிக்கிழமை காலை, வேறோர் ஊர் அமைப்பிலிருந்து நான்கைந்து பேர் செயலியைப் பழக வந்தார்கள். சொல்லிக்கொடுக்க மீட்டர் அக்காவையும் வரச் சொல்லியிருந்தாள். தப்பு, அக்கா தானே வருவதாக ஒற்றைக்காலில் நின்றாள்.

“இங்க பாருங்க” என்று அக்கா போனைத் தூக்கிக் காட்டினாள். “முதல்ல வீடியோ திறந்த முகத்தோட போகும். அப்புறம் அதே வீடியோ முக்காடு போட்டுக்கிட்டுப் போகும். முக்காடு போட்டது முன்னால போச்சுன்னா, வழியில எவனோ உக்காந்திருக்கான்னு அர்த்தம்.”

வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதில் திருத்தம் சொல்ல ஒன்றிரண்டு இடம் இருந்தது. மீட்டர் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

“அவங்க இதையும் கண்டுபிடிச்சுட்டா?” என்று ஓர் இளம்பெண் கேட்டாள். “முக்காடு போட்டதையும் சேர்த்து நிறுத்திட்டா என்ன பண்றது?”

அக்கா தங்கையைப் பார்த்தாள்.

“நிறுத்துவாங்க. அப்ப பேங்க், ஆஸ்பத்திரின்னு எல்லாமே நிக்கும், அதை நெரிசல்னு மூடி மறைக்க முடியாது” என்றாள் மீட்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்க ஊர்ல கோபுரமெல்லாம் எங்கெங்க இருக்கு? வரைஞ்சு காட்டுங்க, பார்ப்போம்.”